பின் பிரேக்கைத்தானே பிடித்தேன், முன் சக்கரம் ஏன் வழுக்கியது?

கேள்வி:

மேட்டுப்பாளையத்தில் குடியிருக்கிறேன். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. நான்கு வருடமாகத் தினமும் ஸ்கூட்டரில்தான் போய்வருகிறேன். 2020-ல் வாங்கிய 110 சிசி வண்டி. போன வாரம் சாயங்காலம் இறங்கி வரும்போது, குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில் விழுந்துவிட்டேன். அப்போது மழை இல்லை, மதியமே பெய்து ஓய்ந்திருந்தது. வளைவுக்குள் பாதி தூரம் போனபிறகுதான் ரோடு முழுக்க நனைந்த இலை கிடப்பதைப் பார்த்தேன். பயந்துபோய் பிரேக் பிடித்தேன். வலது கை பிரேக்கைத் தொடவே இல்லை, இடது கை பிரேக் மட்டும்தான். ஆனால் வழுக்கியது முன் சக்கரம். முழங்காலில் சிராய்ப்பு, ஒரு இண்டிகேட்டர் உடைந்தது, அவ்வளவுதான். பின்னால் பஸ் வந்திருந்தால் என்று நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. வீட்டுக்காரர், "வண்டியை விற்றுவிட்டு பஸ்ஸில் போ" என்கிறார். தம்பி, "பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டாமல் சுழலவைக்கிற ஏபிஎஸ் இருக்கிற பைக் வாங்கு" என்கிறான். கோத்தகிரி ஹாஸ்டலில் இருக்கும் மகளை வெள்ளிக்கிழமைதோறும் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவருவேன். இனி அது சரியா? ஐப்பசி மழை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

சிராய்ப்போடு போனதே, அது போதும். இருபது வருடத்துக்கு மேலாகக் கோவையில் வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறேன். அதற்கு முன்னால் பட்டறையில் வேலை. விழுந்தவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். "எப்படியோ வழுக்கிவிட்டது" என்பார்களே தவிர, எந்தக் கையால் எந்தப் பிரேக்கைப் பிடித்தோம் என்று சொல்பவர்கள் மிகக் குறைவு. நீங்கள் அதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் வண்டியில் இடது கை பிரேக் என்பது பின் பிரேக் மட்டும் இல்லை. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் 125 சிசி வரையிலான வண்டிகளில் சிபிஎஸ் என்ற கூட்டு பிரேக் அமைப்போ ஏபிஎஸ்ஸோ இருந்தாக வேண்டும். ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் சிபிஎஸ்தான். இடது கைப்பிடியை அழுத்தினால் பின் சக்கரத்தோடு முன் சக்கரத்துக்கும் ஒரு பங்கு போகும். வலது கைப்பிடி முன் சக்கரத்துக்கு மட்டும். வண்டி வாங்கும்போது இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. பழைய வண்டியில் பழகிய கை, இடது என்றால் பின் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பின் பிரேக்கை மட்டுமே பிடித்து ஓட்டுகிறவர்களுக்கு நேரான ரோட்டில் இது பெரிய பாதுகாப்பு. அன்றைக்கு உங்கள் விஷயத்தில் நடந்தது வேறு. சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்த முன் சக்கரத்துக்கு, நீங்கள் அறியாமலேயே பிரேக் போய்ச் சேர்ந்தது.

சிபிஎஸ் இல்லாத வண்டியாக இருந்தால் விழுந்திருக்க மாட்டீர்களா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். அப்போது பின் சக்கரம் வாரியிருக்கும். தப்பு எந்தப் பிரேக் என்பதில் இல்லை, எந்த இடத்தில் பிடித்தோம் என்பதில்தான் இருக்கிறது.

உங்கள் உள்ளங்கையை மேசைமேல் விரித்து வையுங்கள். ஒரு சக்கரம் ரோட்டைத் தொடும் இடம் அந்த உள்ளங்கையைவிடச் சிறியது. வண்டியும் நீங்களும் பையும் சேர்ந்து, அப்படி இரண்டு உள்ளங்கை இடத்தில்தான் நிற்கிறீர்கள். அந்தப் பிடிமானத்தை மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு ஒரு பங்கு செலவாகிறது, பிரேக்குக்கு ஒரு பங்கு, ஆக்சிலேட்டர் முறுக்குவதற்கு ஒரு பங்கு. காய்ந்த ரோட்டில் சம்பளம் தாராளம். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தாலும் மிச்சம் இருக்கும். மழை பெய்தால் வெகுவாகக் குறைந்துவிடும். ஈர இலை என்றால் அதிலும் பாதி தேறாது. வளைவில் இருக்கும்போது அந்தக் கொஞ்சமும் திரும்புவதற்கே போய்விடுகிறது. பிரேக்குக்கு எங்கிருந்து எடுப்பீர்கள்?

இலை என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ரோட்டில் ஒருநாள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பஸ் ஏறி இறங்கிய இடத்தில் கிடப்பதைக் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை விழுந்த அன்று தோல்போல் தடிமனாக இருக்கும். இரண்டு நாள் மழையில் ஊறி, பஸ்ஸும் லாரியும் அரைத்தபின் அது மைய அரைத்த மருதாணி மாதிரி ஆகிவிடும். மேலே கிடக்கும் இலைக்கும் தாருக்கும் நடுவில் அந்தக் கூழ் ஒரு படலமாகப் படிந்திருக்கும். உங்கள் டயர் தாரைத் தொடவே இல்லை, அந்தக் கூழின்மேல் மிதந்துகொண்டிருந்தது. மழை நின்று வெயில் வந்தபின்னும் மேல் இலை காய்ந்து சருகாகத் தெரியும், அடியில் கூழ் ஈரமாகவே இருக்கும். மழை இல்லாத நேரத்தில் விழுந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, நானும் பலமுறை கண்டது அதுதான். மழை கொட்டும்போது எல்லோரும் பயந்து மெதுவாகப் போகிறார்கள். மழை விட்டபின் வரும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் விழுகிறார்கள்.

சரி, என்ன செய்வது?

வளைவுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே பிரேக் வேலையை முடித்துவிட வேண்டும். இந்தக் கடிதத்தில் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும். வண்டி நேராக, நிமிர்ந்து இருக்கும்போதே இரண்டு கையாலும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். எவ்வளவு குறைப்பது? உள்ளே இலையோ, மாடோ, நின்றுபோன லாரியோ இருந்தாலும், கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிதானமாக நிற்க முடிகிற வேகம். கோத்தகிரி ரோட்டில் சில வளைவுகளில் அது 25, 30 கிலோமீட்டராக இருக்கும். மூடுபனி இறங்கினால் 15-ம் அதிகம். வளைவு தொடங்கியதும் பிரேக்கிலிருந்து விரல்களை விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரைத் துளி திறந்தபடி அதே அளவில் வைத்துத் திரும்புங்கள். வளைவு முடிந்து வண்டி நிமிர்ந்த பிறகு வேகம் கூட்டிக்கொள்ளலாம்.

பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் பிடியுங்கள். முதலில் லேசாகத் தொட்டு, வண்டியின் எடை முன்னால் இறங்குவதை உணர்ந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டுவது. வெடுக்கென்று பிடித்தால் எடை முன்னால் வருவதற்குள் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். காய்ந்த ரோட்டில் முன் பிரேக்தான் பெரும்பங்கு வேலை செய்கிறது என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஈரத்தில் மெதுவாகவே பிரேக் பிடிக்க முடியும் என்பதால் எடை அவ்வளவு முன்னால் சாய்வதில்லை. அதனால் பின் சக்கரத்தின் பங்கு கூடுகிறது. முன் பிரேக்கைப் பார்த்துப் பயந்து ஒதுக்க வேண்டாம், அதையே நம்பியிருக்கவும் வேண்டாம். இரண்டையும் சேர்த்து, மென்மையாகப் பிடியுங்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தும் வளைவுக்குள் போனபிறகு இலையைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். அப்போது கை செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. பிரேக் வேண்டாம், ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். பிடியைத் தளர்த்தி, கண்ணை இலையிலிருந்து எடுத்து, வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள். பயத்தில் கண் எங்கே நிலைக்கிறதோ அங்கேதான் வண்டி போகும். உடம்பை மட்டும் வளைவின் உட்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தால், வண்டியின் சாய்வு அந்த அளவு குறையும். கட்டாயம் நின்றே ஆக வேண்டும் என்றால், முதலில் வண்டியை நிமிர்த்துங்கள், அப்புறம் பிரேக். இடமிருந்தால் இந்த வரிசை மாறக் கூடாது.

ரோட்டை முன்கூட்டியே படிக்கவும் பழக வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளை முகத்தைப் பார்த்ததும் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று கண்டுபிடித்துவிடுவீர்கள் அல்லவா, அது மாதிரிதான் இதுவும். தாரின் நிறத்தைப் பாருங்கள். மங்கலான கறுப்பாக இருந்தால் பிடிமானம் உண்டு. கண்ணாடிபோல் மினுமினுத்தால் சந்தேகப்படுங்கள். அந்த மினுமினுப்பில் வானவில் நிறம் தெரிந்தால் டீசல். டேங்க் நிறைய டீசல் போட்ட லாரியும் பஸ்ஸும் திரும்பும்போது, மூடி வழியாக வளைவில்தான் சிந்தும். ஹெல்மெட்டுக்குள் டீசல் வாடை வந்தாலே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். மரநிழல் விழுகிற வளைவு, ஊருக்கே வெயில் அடித்தாலும் ஈரமாகவே இருக்கும். பாறையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடுகிற இடங்களில் ஓரத்தில் பாசி பிடித்திருக்கும். மலையிலிருந்து செம்மண் கரைந்து வந்து படிந்த இடம், கேரட் மூட்டை ஏற்றிய லாரி தண்ணீர் சொட்டிக்கொண்டே போன இடம், யானைச் சாணம், காட்டெருமைச் சாணம், ரோட்டில் போட்ட வெள்ளைப் பட்டை, பாலத்து இணைப்பில் பதித்த இரும்பு. இவை எல்லாவற்றின் மேலும் வண்டி நிமிர்ந்து நேராகப் போக வேண்டும். அங்கே சாய்வும் கூடாது, பிரேக்கும் கூடாது.

எங்கே ஓட்டுவது என்பதற்கு பஸ்ஸே வழிகாட்டி. பஸ்ஸின் சக்கரம் ஓடும் தடத்தில் இலை ஒதுங்கித் தார் தெரியும். அந்தத் தடத்திலேயே போங்கள். இரண்டு தடத்துக்கும் நடுவில் எண்ணெய்ப் பிசுக்கு, வெளி ஓரத்தில் இலைக் குவியல். தடத்தைத் தேடி எதிர்ப்பக்கத்துக்குப் போகாதீர்கள். நீங்கள் இறங்கும்போது கூர்மையான வளைவில் பஸ் ஏறி வருவது தெரிந்தால், வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி நின்றுவிடுங்கள். திரும்புவதற்கு அதற்கு முழு ரோடும் வேண்டும். மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி.

மலை முடிந்து மேட்டுப்பாளையம் வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். இந்தப் பருவத்தில் கீழே வேறு வகை வழுக்கல். ஆயுத பூஜைக்கு நடுரோட்டில் உடைக்கிற திருஷ்டிப் பூசணியால் விழுந்தவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். சதையும் விதையும் குங்குமத் தண்ணீரும் சேர்ந்து தாரில் ஒட்டிக்கொண்டால், ஈர இலைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. உடைக்கிறவர்கள் இதைப் படித்தால், கும்பிட்டபின் துண்டுகளை ஓரமாக அள்ளிப் போடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்து தீபாவளி. சரவெடிக் காகிதம் கணுக்கால் உயரத்துக்குக் குவிந்து மழையில் ஊறிக் கிடக்கும் தெருவில் சக்கரம் நிலைகொள்ளாது. இறுதி ஊர்வலம் போன ரோட்டில் கிடக்கும் சாமந்தியும் அப்படித்தான்.

ஆயுத பூஜை என்றதும் இன்னொன்று. பூஜைக்காக வண்டியை வாட்டர் வாஷ் கொடுத்திருப்பீர்கள். பல இடங்களில் கழுவி முடித்ததும் அடிப்பாகத்தில் டீசல் பீய்ச்சுவார்கள், டயர் பளபளக்க பாலிஷ் பூசுவார்கள். டீசல் வழிந்து டயரிலும் பிரேக் டிரம்மிலும் இறங்கும். டயரின் ஓரத்தில் பூசிய பாலிஷ், வண்டி சாயும்போது ரோட்டைத் தொடும் இடத்திலேயே இருக்கும். அடுத்த முறை "டீசல் வேண்டாம், டயருக்கு பாலிஷ் வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஏற்கனவே பூசியிருந்தால் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

இப்போது டயர். நான்கு வருடமாகத் தினமும் ஏறி இறங்கிய வண்டி என்கிறீர்கள், டயர் மாற்றியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாளைக் காலையில் வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும், அதுதான் தேய்மானக் குறி. மேல் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டை, அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. மழைக்காலத்தில் அதுவரைக்கும்கூட காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. அந்தப் பள்ளங்கள்தான் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் கொண்ட ஓர் எண்ணும் இருக்கும். 2321 என்றால் 2021-ம் வருடம் 23-வது வாரத்தில் தயாரானது. ஒருமுறை ஒரு கடையில் புத்தம்புது டயர் என்று வாங்கிப் போட்டு, முதல் மழையிலேயே வண்டி நிற்காமல் ஓடியபோதுதான் அந்த எண்ணைப் பார்த்தேன். நாலரை வருடம் கடையிலேயே கிடந்த டயர். பட்டன் முழுசாக இருந்தது, ரப்பர் மட்டும் கட்டையாகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பதியவே இல்லை. அதிலிருந்து யாருக்கு டயர் வாங்கினாலும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

புது டயர் போட்டால் முதல் 100, 150 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், மேல்தோல் தேயும்வரை அதுவும் வழுக்கும். முதல் நாளே மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். காற்று, கம்பெனி சொன்ன அளவில் இருக்கட்டும். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

விழுந்த வண்டி என்பதால் ஒரு மெக்கானிக்கிடம் ஹேண்டில் நேராக இருக்கிறதா, பிரேக் லீவர் வளைந்திருக்கிறதா, முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் கோணியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூடவே முன் பின் பிரேக் ஷூ இரண்டையும் கழற்றிப் பார்க்கட்டும். சிபிஎஸ் கேபிள் இழுத்துப்போயிருந்தால், இடது லீவரைப் பிடித்ததும் முன் சக்கரத்துக்குப் போகிற பங்கு கூடவோ குறையவோ செய்யும். அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர். அந்த 1,500 மீட்டரையும் தினமும் சாயங்காலம் பிரேக்கைப் பிடித்துத்தான் இறங்குகிறீர்கள். கியர் வண்டியில் இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு குறைவு. மிக மெதுவாகப் போனால் உள்ளே கிளட்ச் விட்டுவிடும், வண்டி தானாக உருளத் தொடங்கும். அப்படி உருண்டால் ஆக்சிலேட்டரை ஒரு நொடி லேசாகத் திறந்து மூடுங்கள், இன்ஜின் மறுபடி சேர்ந்துகொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்து வருகிறவர்கள் உண்டு, நீங்கள் ஒருநாளும் அப்படிச் செய்யாதீர்கள். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். நேரான இடங்களில் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடித்து வாருங்கள். கருகல் வாடை வந்தாலோ, லீவர் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ, ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். தேங்கிய தண்ணீரைக் கடந்தபின் வேறு பிரச்சினை, டிரம்முக்குள் தண்ணீர் போனால் பிரேக் பிடிக்காது. மெதுவாகப் போய்க்கொண்டே இரண்டு லீவரையும் லேசாகத் தொட்டுத் தொட்டு விட்டால் உலர்ந்துவிடும்.

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறோம், ஏறக்குறைய ஒரு பஸ் நீளம். ஆபத்தைக் கண்டு கை அசைவதற்கே அந்த ஒரு நொடி ஆகிறது. அப்புறம் பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சமதளத்தில் சுமார் 10 மீட்டர், நனைந்த ரோட்டில் 15-க்கும் மேல். இறக்கத்தில் இன்னும் கூடும். ஆகவே முன்னால் போகும் பஸ் ஒரு மரத்தைக் கடந்ததும் நிதானமாக ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். நான்கு எண்ணுவதற்குள் நீங்கள் அந்த மரத்தைத் தொட்டுவிட்டால் ரொம்ப நெருக்கம்.

நாலைந்து நாள் வெயிலுக்குப் பிறகு வரும் தூறல், கொட்டுகிற மழையைவிட மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் கரைந்து மேலே மிதக்கும், கழுவிப் போகிற அளவுக்குத் தண்ணீர் இருக்காது. தூறல் ஆரம்பித்தால் ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். வீட்டுக்கு போன் செய்து சொல்லிவிடுங்கள். தாமதமாகிறதே என்ற பதற்றம்தான் பல பேரை அந்த அரை மணி நேரத்தில் ரோட்டில் ஓட்டுகிறது.

தம்பி சொல்வதற்கு வருகிறேன். ஏபிஎஸ் நல்ல விஷயம். 125 சிசிக்கு மேல் உள்ள பைக்குகளில் அது கட்டாயம். பதறிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். ஆனால் இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்கித் தராது. வண்டி நிமிர்ந்து இருக்கும்போதுதான் அதன் முழுப் பலன் கிடைக்கும். வளைவின் நடுவில், ஈர இலையின்மேல், சாய்ந்த நிலையில் பிடித்தால் சாதாரண ஏபிஎஸ் உள்ள வண்டியும் வழுக்கத்தான் செய்யும். சில வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கியர் பைக்கில் இன்ஜின் பிடிப்பும், பெரிய சக்கரமும் கிடைக்கும். அதெல்லாம் மலைக்கு நல்லதுதான். பின்னொரு நாள் வாங்குங்கள், இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்றுகிற உயரமாகப் பார்த்து வாங்குங்கள். கை நடுங்குகிற இந்த நேரத்தில், மழைக்காலத்தில், பழக்கமில்லாத வண்டியோடு அந்த ரோட்டில் ஏற வேண்டாம். இந்த மாதம் டயருக்கு மட்டும் செலவு செய்யுங்கள்.

வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எல்லா நாளும் ஸ்கூட்டரில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை, நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிப் பக்கத்தை நேராகத் தாக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் நிலச்சரிவில் எத்தனை உயிர் போயின என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். வானிலை மையம் நீலகிரிக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் உங்கள் திறமைக்கு அங்கே வேலையே இல்லை. அன்று பஸ்ஸில் போங்கள், பஸ் ஓடாவிட்டால் விடுப்பு போடுங்கள். இருட்டியபின் மூடுபனியில் இறங்க நேர்ந்தாலும் வண்டியைப் பள்ளியிலேயே நிறுத்திவிட்டு பஸ் ஏறுங்கள். மற்ற நாளில் ஓட்டலாம் என்பதுதான் என் தீர்ப்பு. இதை அவரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாக. தலைவழியாக மாட்டுகிற பிளாஸ்டிக் போர்வை வேண்டாம், காற்றில் பறந்து சக்கரத்தில் மாட்டும். சட்டையும் பேன்ட்டுமாகத் தனித்தனியே வருகிற ரெயின்கோட், பளிச்சென்ற நிறத்தில். சேலைத் தலைப்பு முழுவதும் அதற்குள் போய்விட வேண்டும். கையுறை கட்டாயம், குளிரில் விரைத்த விரலால் எலுமிச்சம்பழம் பிழிய முடியாது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழுமுக ஹெல்மெட். அன்று விழுந்தபோது ஹெல்மெட் ரோட்டில் இடித்திருந்தால், வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். முகக் கண்ணாடியில் கீறல் இருந்தால் இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் சிதறிக் கண்ணை மறைக்கும். கண்ணாடியை மட்டும் தனியாக மாற்றலாம். உட்பக்கம் ஆவி படிவதற்கு, பாத்திரம் கழுவும் சோப்பு நீரை ஒரு துளி தடவி மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் கொஞ்ச நேரம் தாங்கும்.

மகள் விஷயம். இந்த மழைக்காலம் முடியும்வரை அவளை பஸ்ஸில் வரச் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பின்னால் ஆள் இருந்தால் நிற்கும் தூரம் கூடும், பின்பக்கம் எடை ஏறும், இறக்கத்தில் பிரேக் இன்னும் சூடாகும். அதைவிட, உங்கள் மனம் பாதி பின்னால் இருக்கும். தை மாதம் பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும், அவளுக்கும் ஹெல்மெட் வேண்டும், வளைவில் உங்களோடு சேர்ந்து சாய வேண்டும், எதிர்ப்பக்கம் சாயக் கூடாது. பின்னால் உட்கார்ந்து குடை பிடிக்கிற பழக்கம் மட்டும் எந்த மாதத்திலும் வேண்டாம். காற்றில் குடை மடங்கினால் அவள் கை உங்கள் தோளைத்தான் இழுக்கும்.

கடைசியாக, அந்த நடுக்கம். அது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, கைக்கு நம்பிக்கை போய்விட்டது, அவ்வளவுதான். கைதான் அதைத் திரும்பச் சம்பாதிக்க வேண்டும். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு தார்த்தரையோ சிமென்ட் தரையோ பாருங்கள். மழை பெய்து நனைந்திருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்காரரை ஒரு ஓரத்தில் நிற்கச் சொல்லுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்து, அவர் நிற்கிற இடத்தில் இரண்டு கையாலும் பிழிந்து நிறுத்துங்கள். பத்து முறை. அப்புறம் 30-ல் பத்து முறை. முதல் நாலைந்து முறை லீவரைப் பிடிப்பதற்கே மனம் வராது, பரவாயில்லை, செய்யுங்கள். எங்கே சக்கரம் லேசாக வழுக்க ஆரம்பிக்கிறது, அப்போது லீவரை எவ்வளவு தளர்த்தினால் மறுபடி பிடித்துக்கொள்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். இடது லீவரை மட்டும் பிடித்து, முன்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பாருங்கள். நான்கு வருடமாக உங்களுக்குத் தெரியாமல் இருந்தது அது.

பிறகு பள்ளிக்குப் போகும் முதல் நாளில் காலையில் ஏறுவதற்கு மட்டும் வண்டியை எடுங்கள். ஏற்றம் இறக்கத்தைவிட எளிது, வேகமும் தானாகக் குறைவாக இருக்கும். சாயங்காலம் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் இறங்குங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து குஞ்சப்பனை வளைவு வரும்போது ரோட்டைப் பாருங்கள். டிரைவர் எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கிறார், இலை எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, நீங்கள் விழுந்த இடத்துக்கு எவ்வளவு முன்னால் அந்த இலை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்து வையுங்கள். அடுத்த நாள் நீங்கள் பிரேக்கைத் தொட வேண்டிய இடம் எது என்று அப்போது தெரிந்துவிடும்.